படத்தை எடுத்தது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேடையில் ஒரு முகமும் வீட்டில் ஒரு முகமுமாகத் தலைவர்கள் வேடம் போடுகிறார்கள் என்று வருந்தித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எனக்கு அதில் அத்தனை வருத்தம் இல்லை. இந்தக் கடிதத்தையே மூன்று முறை அடித்துத் திருத்தித்தான் அனுப்புகிறேன். வீட்டில் நான் பேசும் தமிழும் இதுவல்ல. முகமூடி எதை மறைக்கிறது, அதைக் கட்டிவிடுவதில் பத்திரிகைகளுக்கு என்ன பங்கு என்பவையே என் கேள்விகள்.

1933 முதல் 1945இல் இறக்கும்வரை அமெரிக்க அதிபராக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் கால்கள் 1921இல் வந்த நோயால் செயலிழந்திருந்தன. அவருக்குப் போலியோ வந்தது ஊரறிந்த செய்தி. சக்கர நாற்காலி இல்லாமல் அவரால் நடமாட முடியாது என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது. கால்களில் எஃகுப் பட்டைகளைப் பூட்டி, ஒரு கையில் தடியும் மறுகையில் மகனின் கையுமாக அவர் எடுத்துவைத்த சில அடிகளே மக்கள் கண்ட நடை. அவரை நாற்காலியில் தூக்கி வைப்பதை நேரில் கண்ட செய்தியாளர்கள் அதை எழுதாமலும் படமெடுக்காமலும் விட்டார்கள். 1945 மார்ச் 1 அன்று நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தபடியே உரையாற்றிய அவர், கால்களில் சுமார் பத்து பவுண்டு எஃகைச் சுமந்து நிற்பதைவிட இது எளிது என்று தாமே சொல்லிப் பொறுத்தருளக் கேட்டார். ஆறு வாரங்களில் காலமானார். காலை வைத்துத் திறமையை அளக்கும் கண்களுக்காக அவர் அணிந்த அந்த முகமூடியை என்னால் மன்னிக்க முடிகிறது. 1944 தேர்தலின்போது அவருடைய இதயநோய் மறைக்கப்பட்டதை மன்னிக்க முடியவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு ஆள வருபவர் அதுவரை தாங்குவாரா என்பது வாக்காளர் அறிய வேண்டிய செய்தி.

பிரான்சின் மித்தரான் கதை இன்னும் மோசம். தம் உடல்நிலை அறிக்கையை முறையாக வெளியிடுவேன் என்று வாக்களித்து 1981இல் அதிபரானவர் அவர். அதே ஆண்டு நவம்பரில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தவறாமல் வந்தது, நோயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல். 1992இல்தான் நாடு அறிந்தது. ஒளிவுமறைவற்றவர் என்ற பெயரே அங்கே முகமூடியாயிற்று.

இப்போது தங்கள் நாளிதழுக்கு வருகிறேன். சில வாரங்களுக்கு முன் முதல் பக்கத்தில், ஒரு தலைவர் குனிந்து மூதாட்டி ஒருவரின் கைகளைப் பற்றியிருக்கும் படம் வந்தது. பார்த்ததும் நெகிழ்ந்தேன். அதே காட்சியை வேறோர் இதழ் சற்றே அகலமாக வெளியிட்டிருந்தது. ஓரத்தில் மற்றொரு படக்காரரின் முழங்கை, அதற்கப்பால் விளக்கைத் தூக்கிப் பிடித்த ஒருவர். மூதாட்டியின் பார்வை தலைவர் மீது இல்லை, அந்த விளக்கின் மீது இருந்தது. தலைவரின் கனிவு பொய் என்று நான் சொல்ல வரவில்லை, உண்மையாகவே இருக்கலாம். அதை முடிவு செய்ய எனக்கிருந்த ஒரே தடயத்தைத் தாங்கள் வெட்டிவிட்டீர்கள் என்பதே என் குறை.

எனவே ஒரு வேண்டுகோள். படத்தைத் தங்கள் புகைப்படக் கலைஞர் எடுத்தாரா, தலைவரின் அலுவலகம் அனுப்பியதா என்று கீழே ஒரு வரி அச்சிடுங்கள். அதற்கு இடமில்லையென்றால், அந்த முழங்கையையாவது வெட்டாமல் விடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்