ரோடியோ விலங்குகளுக்காகக் கையெழுத்திட்ட அனைவருக்கும் நன்றி

அன்புடையீர்,

துள்ளும் குதிரை, காளை மீது ஏறிச் சவாரி செய்து காட்டும் ரோடியோ நிகழ்ச்சிகளில் அவ்விலங்குகளைத் துன்புறுத்தும் கருவிகளை லாஸ் ஏஞ்சலிஸ் நகர எல்லைக்குள் தடை செய்ய வேண்டும் என்று நகர மன்ற உறுப்பினர் பாப் புளூமென்ஃபீல்டு கொண்டுவந்த முன்மொழிவுக்கு ஆதரவாகக் கையெழுத்திட்டும், மன்றத்துக்குக் கடிதம் எழுதியும், வேலை நாளில் விடுப்பெடுத்து நேரில் வந்து பேசியும் துணை நின்ற ஒவ்வொருவருக்கும், கையெழுத்துத் திரட்டிய எங்கள் சிறு குழுவின் சார்பில் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

மின்சாரத் தார்க்குச்சி, அடிவயிற்று வார், குதிரை தலையைத் தூக்காமல் அடக்கும் கம்பிக் கட்டு, சவாரி செய்பவர் காலணியில் மாட்டும் கூரிய குதிமுள் ஆகியவற்றை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம் பல ஆண்டுகளுக்கு முன்பே பெயர் குறிப்பிட்டுத் தடுத்துவிட்டது. நாம் கேட்டதும் அதை ஒட்டியதே. இவற்றுள் அடிவயிற்று வாரைப் பற்றித்தான் மக்களுக்கு அதிகம் விளக்க வேண்டியிருந்தது. விழாமல் தாக்குப்பிடிக்க வேண்டிய எட்டு வினாடிச் சவாரிக்கு வழங்கப்படும் நூறு மதிப்பெண்ணில் சரிபாதி விலங்கு எவ்வளவு மூர்க்கமாகத் துள்ளுகிறது என்பதற்கே உரியது. ஆகவே விலாவுக்கும் பின்தொடைக்கும் இடையே, எலும்பின் காப்பில்லாத மென்மையான பகுதியில், குறுகிய அடைப்புக்குள் நிற்கும்போதே வாரை இறுக்கிவிடுகிறார்கள்; உதறித் தள்ள முடியாத அந்த அழுத்தத்தைத் தாளாமல் விலங்கு பின்னங்கால்களை வீசி எறிகிறது. வார் விதையைக் கட்டுகிறது என்று ஊரெங்கும் சொல்லப்படுகிறது. அது உண்மையன்று, பெட்டைக் குதிரைகளுக்கும் இதே வார்தான் பூட்டப்படுகிறது. எளிதில் ஆதரவு தேடித் தரக்கூடிய அந்தப் பொய்யை ஒருவர்கூட மேடையில் சொல்லாததற்காகவே நான் உங்களுக்குப் பெரிதும் கடமைப்பட்டுள்ளேன். கம்பளி உறை போட்ட வார் வலிக்காது என்று எதிர்த்தரப்பினர் வாதிட்டபோது, வாரைத் தளர்த்தியதும் பெரும்பாலான குதிரைகள் அடங்கிவிடுவது எதனால் என்று அமைதியாகக் கேட்ட கல்லூரி மாணவிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

கால்நடை மருத்துவர்களின் சொல்லுக்குத் தனி எடை இருந்தது. இளமையில் தாமே ரோடியோவில் குதிரையேறி, பின்னர் கால்நடை மருத்துவராகி, இவ்விளையாட்டை வெளிப்படையாக எதிர்த்த பெகி லார்சனைப் போன்றவர்கள் முன்பே பேசியிராவிட்டால், களத்தின் உள்ளே நடப்பதை எங்களைப் போன்றவர்கள் சொல்லி யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அதே போல, மாநிலச் சட்டம் ஏற்கெனவே போதுமானது என்ற வாதத்துக்கு விடை எழுதித் தந்த வழக்கறிஞர் நண்பருக்கும் நன்றி. அடைப்புக்குள் நிற்கும் விலங்கின் மீது தார்க்குச்சியைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது கலிபோர்னியச் சட்டம். ஆனால் போட்டியாளர், பார்வையாளர் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டால் பயன்படுத்தலாம் என்ற விலக்கையும் அதுவே தருகிறது. அடிவயிற்று வாருக்கு அங்கே தடையே இல்லை. 1924இல் லண்டனின் வெம்ப்ளியில் நடந்த ரோடியோவைக் கண்டு கொதித்த பிரித்தானிய மக்களின் எதிர்ப்பு ஓயாமல் தொடர்ந்து, 1934இல் குதிரையையோ காளையையோ கொடிய கருவியால் தூண்டித் துள்ளச் செய்து சவாரி செய்வதைக் குற்றமாக்கும் சட்டமாக முடிந்ததை நூலகத்தில் தேடி எடுத்துத் தந்த முதியவரையும் நன்றியுடன் நினைவுகூர்கிறேன்.

மெக்சிகோ மரபில் வந்த சார்ரோ குதிரை வீரர்கள், தங்கள் பண்பாட்டையே இந்த முன்மொழிவு குறிவைக்கிறது என்று அஞ்சினார்கள். ஓடும் குதிரையின் காலில் சுருக்குக் கயிறு வீசி வீழ்த்துவதை 1994இலேயே கலிபோர்னியா தடுத்துவிட்டதால், அந்த அச்சத்துக்கு ஒரு பின்னணியும் உண்டு. அவர்களிடம் ஸ்பானிய மொழியில் பொறுமையாகப் பேசிய தொண்டர்கள் குதிரையேற்றத்தை ஒரு சொல்லாலும் இழிவுபடுத்தவில்லை. கடுமையாக மறுத்தபோதும் உட்கார்ந்து கேட்ட சார்ரோ குடும்பங்களுக்கும், அவர்களுள் தார்க்குச்சித் தடைக்கு மட்டுமாவது உடன்படுவதாகச் சொல்லிக் கையெழுத்திட்ட சிலருக்கும் எங்கள் வணக்கம்.

கையெழுத்துப் படிவங்கள் அனைத்தும் நகர எழுத்தர் அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டுவிட்டன. அவற்றைப் பகுதிவாரியாகப் பிரித்து, முகவரிகளைச் சரிபார்த்துக் கட்டித் தந்த தமிழ்க் குடும்பங்களுக்கு எங்கள் குழுவினர் அனைவரும் நன்றி கூறுகிறோம்.

இவண்,
கையெழுத்துத் திரட்டிய குழுவினருக்காக