காக்கிச் சட்டைகளுக்கு ஊசி கோத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

அப்பாவின் ஒன்பது காக்கிச் சட்டைகளும் ஒரே போர்வையாகிவிட்டன. போன வாரம் அது உசிலம்பட்டிக்குப் போய் அம்மாவின் கைக்குச் சேர்ந்துவிட்டது. ஆளுக்கொரு கடிதம் எழுதினால் யாராவது விட்டுப்போவார்கள் என்பதால் எல்லோருக்கும் சேர்த்துப் பொதுவில் எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று உங்களில் பாதிப்பேர் சொல்லிவிட்டீர்கள். மீதிப்பேருக்கும் அதே நியாயம்தான்.

முதல் நன்றி, நான் முகம் பார்த்திராத மிசூரி பெட்வேக்கு. அமெரிக்காவில் அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஜீஸ் பெண்ட் என்ற கறுப்பின மக்களின் ஊரைச் சேர்ந்தவர். கணவர் இறந்த பிறகு, அவர் உடுத்தி உழைத்த உடைகளைக் கிழித்து 1942இல் ஒட்டுப் போர்வை தைத்தார். கணவரின் நினைவாக அதைப் போர்த்திக்கொள்ளப்போவதாக அவர் சொன்னதை, அப்போது பதின்வயதில் இருந்த மகள் ஆர்லோன்சியா பின்னாளில் நினைவுகூர்ந்தார். அதே அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் அந்தப் போர்வையின் படத்தைப் பார்த்தபோது அப்பா போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று அம்மா தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தாள். “கொடுத்துவிடாதே அம்மா” என்று அன்றிரவே சொன்னேன்.

படத்தைக் காட்டியவர்கள் அந்தக் கூடத்தில் வியாழன்தோறும் தைக்கக் கூடும் ஏழு பெண்கள். ஓய்வுபெற்ற செவிலியர், ஆசிரியைகள், தபால் ஊழியர் ஒருவர். எல்லோரும் கறுப்பினத்தவர், இருவருக்குத் தாய்வழி ஊர் ஜீஸ் பெண்ட். உங்கள் கை ஓட ஓட வாயும் ஓடியதால்தான் எனக்கு அந்த ஊர் தெரியும். 1840களில் பண்ணை முதலாளி ஒருவர் ஏறத்தாழ நூறு அடிமைகளை வட கரோலினாவிலிருந்து நடத்தியே கூட்டிவந்ததும், அவருடைய பெட்வே என்ற குடும்பப் பெயரை அவர்களின் வாரிசுகள் இன்றும் சுமப்பதும் நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது. அந்தப் பெயரை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லையா என்று கேட்டேன். “எங்கள் பாட்டிகள் அதைத் துவைத்துச் சுத்தம் செய்துவிட்டார்கள்” என்றார் மூத்தவர். அவ்வளவுதான், அடுத்த நூலைக் கோத்தார்.

படகுக் கதைதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. ஜீஸ் பெண்டுக்கு எதிர்க்கரையில் கேம்டன் நகரம். வாக்காளராகப் பதிவு செய்ய அங்கேதான் போக வேண்டும். கறுப்பின மக்கள் பதிவு செய்யக் கிளம்பிய காலத்தில், 1962இல், படகுச் சேவை நிறுத்தப்பட்டது. திரும்ப வந்தது 2006இல். ஆற்றின் குறுக்கே சில நிமிடப் பயணம், சுற்றிப் போனால் ஒரு மணி நேரம் என்று ஆகி 44 ஆண்டுகள். எங்கள் ஊரில் நாலு நாள் பஸ் வராவிட்டால் சாலை மறியல் நடக்கும். பஸ் நடத்துநரின் மகளுக்கு இது சட்டென்று உறைக்கும்.

ஓட்டுரிமைக்காக நின்ற பல குடும்பங்கள் குடியிருந்த இடத்தையே இழந்தன. அந்தச் சூழலில் 1966இல் அந்தப் பகுதிப் பெண்கள் தொடங்கிய போர்வைத் தையல் கூட்டுறவுதான் ‘ஃப்ரீடம் குயில்டிங் பீ’. 1972இல் சியர்ஸ் என்ற பெரிய அமெரிக்கக் கடை நிறுவனத்துக்குக் கார்டுராய் என்ற வரிவரியான தடித்த துணியில் தலையணை உறை தைக்கும் வேலை கிடைத்தது. உறைகள் ஒரே அச்சில் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். வீட்டுக்கு வந்த மிச்சத் துண்டுகளுக்கு ஒப்பந்தம் ஏது? பொன்மஞ்சளும் பாசிப்பச்சையும் துருச்சிவப்புமாக அவை போர்வைகளில் போட்ட ஆட்டத்தைப் படத்தில் பார்த்தாலே தெரியும்.

2002இல் அந்தப் போர்வைகள் ஹூஸ்டனிலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் தொங்கின. நவீன ஓவியர்களோடு ஒப்பிட்டுப் பலர் பாராட்டினார்கள். பாராட்டுத்தான், ஆனாலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். எங்கோ ஓர் ஓவியர் செய்ததை இவர்கள் தெரியாத்தனமாகச் செய்துவிட்டார்கள் என்பதுபோல ஒரு தொனி. அவர்கள் தெரிந்துதான் செய்தார்கள். சதுரத்துக்குள் சதுரமாகச் சுற்றிக்கொண்டு போவதற்கு ‘வீட்டுக் கூரை’ என்றும், வெறும் நீளப் பட்டைகளுக்குச் ‘சோம்பேறிப் பெண்’ என்றும் பெயர் வைத்திருப்பவர்களுக்கா தெரியாது!

நான் தெரியாமல் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் வரைபடத் தாளில் கட்டம் போட்டு, அளவு குறித்து எடுத்துப்போனேன். மூத்தவர் அதை நாலாக மடித்துக் காபிக் கோப்பையின் அடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு சட்டையை எடுத்துப் பையின் தையலைப் பிரித்தார். வெயிலில் வெளுத்து மணல் நிறமாகிவிட்ட நெஞ்சுப் பகுதியில், பை இருந்த இடம் மட்டும் புதுக் காக்கியாக, கருத்த சதுரமாகத் தெரிந்தது. ஓரத்தில் பழைய தையலின் ஊசித்துளைகள். அதை மறைக்கத்தான் நான் கட்டம் போட்டிருந்தேன். “இதை நடுவில் வை” என்றார். ஜீஸ் பெண்டின் வேலையுடைப் போர்வைகளிலும் இப்படிப் பை பிரித்த நிழல்களைப் பார்க்கலாம் என்று அப்புறம் படம் எடுத்துக் காட்டினார்.

மேல்துணியை அவரவர் தனியாக இணைப்பதும், பஞ்சும் அடித்துணியும் வைத்து மரச்சட்டத்தில் கட்டியபின் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து தைப்பதும் அந்த ஊர் வழக்கம். அதனால் ஒன்பது வாரம் நான் தனியாக அழுதுகொண்டு இணைத்தேன். கடைசி மூன்று வாரம் உங்கள் எட்டாவது ஆளாகத் தைத்தேன். நீங்கள் தேவாலயப் பாட்டுகள் பாடினீர்கள், எனக்கு வரிகள் தெரியாததால் ராகத்தை மட்டும் முனகினேன். போர்வையில் யாருடைய தையல் எது என்று இப்போதும் காட்டுவேன். பெரிய பெரிய தையல் என்னுடையது.

அக்டோபரில் ஜீஸ் பெண்டில் போர்வைகளைக் கொடியில் காற்றாட விரிக்கும் விழாவுக்குத் தன் காரில் என்னைக் கூட்டிப்போனவருக்குத் தனி நன்றி. இப்போதைய படகு மின்சாரத்தில் ஓடுகிறது, சத்தமே இல்லை. அங்கே ஒரு மூதாட்டி என் பாதி முடிந்த வேலையை வாங்கி, முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். என் அம்மாவும் ஜாக்கெட் வாங்கும்போது அதைத்தான் செய்வாள்.

முதலில் அனுப்பிய நான்கு சட்டைகள் கூரியரில் காணாமல் போயின. ஆறு வாரம் கழித்துக் கிடங்கில் தேடியெடுத்துக் கொடுத்த இளைஞருக்கு நன்றி. மீதி ஐந்தைத் தன் புடவைகளை எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியில் கொண்டுவந்த சித்திக்கும், கஞ்சி போடாமல் துவைத்து அனுப்பச் சொன்ன தெருமுனைத் தையல்காரர் அண்ணனுக்கும் நன்றி.

பார்சலைப் பிரித்தபோது அம்மா காணொலியில் இருந்தாள். போர்வையைக் கட்டிலில் விரித்து, நடுவிலிருந்த கருத்த சதுரத்தின்மேல் கையை வைத்தாள். “விசில் இதில்தான் இருக்கும்” என்றாள்.

காலர்கள் ஒன்பதும் என்னிடமே மிச்சம் இருக்கின்றன. வியாழக்கிழமை எடுத்துவருகிறேன்.

நன்றியுடன்,
பெரிய தையல்காரி