நாய்க்கு ஹோட்டல் இருக்கட்டுங்க, விட்டுட்டுப் போறப்ப உண்மையச் சொல்லுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல நாய்களுக்கு ஹோட்டல் வந்துருச்சுன்னு அரைப் பக்கத்துக்குக் கலர் போட்டோவோட போட்டிருந்தீங்க, ஏசி ரூம், டிவி, பர்த்டே கேக்கு, நீச்சல் குளம்னு. அதை எங்க வீட்டுக்காரருகிட்ட படிச்சுக் காட்டுனப்ப அவரு ஒரு கையில வாளியும் ஒரு கையில வெளக்கமாறுமா நின்னுட்டிருந்தாரு, சிரிச்சுட்டுப் போயிட்டாரு. நீங்க எழுதுனது பொய்யின்னு சொல்லல, அப்படியும் இடம் இருக்கும். ஆனா எங்கள மாதிரி வீட்டோட சேர்த்து நாய் போர்டிங், அதாவது ஊருக்குப் போறவங்க விட்டுட்டுப் போற நாயக் காசுக்குப் பாத்துக்கற இடம், நடத்துறவங்க பொழப்பு வேற மாதிரிங்க, அதுல ஒரே ஒரு விஷயத்தை உங்க வாசகர்கள்கிட்ட சொல்லணும்னுதான் இதை மொபைல்ல உக்காந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா திருத்திக்குங்க.

நாங்க கோயமுத்தூருக்கு மேற்கால, தொண்டாமுத்தூர் பக்கம். மாமனார் காலத்துல கறவ மாடு கட்டியிருந்த கட்டுத்தரை சும்மா கெடந்துச்சு, அதைத் தடுத்து 14 ரூம் போட்டோம். நானு, வீட்டுக்காரரு, மாமியா, காலேஜ் படிக்கிற பையன், அவ்வளவுதான் ஆளு. மலையடிவாரம்ங்கறதால சிறுத்தைக்குப் பயந்து மேலயும் கம்பி வலை அடிச்சிருக்கோம். யானை வாழைக்கு எறங்குற ராத்திரி இருக்கற நாய் எல்லாம் ஒண்ணா ஆரம்பிச்சிரும் பாருங்க, முன்னெல்லாம் சத்தம் தாங்கலைன்னு சண்டைக்கு வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரரு இப்ப, "உங்க நாய் கொரைக்கறதக் கேட்டுத்தானுங்க நான் டார்ச்ச எடுக்கறேன்"ங்கறாரு.

காலையில 5 மணிக்கு ஒவ்வொண்ணா வெளிய விடணும், எல்லாத்தையும் ஒண்ணா விட்டா அன்னிக்கு டாக்டர்தான். அது வெளிய போயிருக்கற நேரத்துல ரூம் கழுவுறது. கழுவுறதுன்னா ஃபினாயில ஊத்தித் தள்றது இல்லீங்க, முதல்ல கக்கா எல்லாத்தையும் அள்ளி, சோப்புத் தண்ணி போட்டுத் தேச்சுக் கழுவி, அப்புறம்தான் பிளீச்சிங் தண்ணி ஊத்தி பத்து நிமிசம் ஊற விடணும், அழுக்கு மேலயே ஊத்துனா பிளீச்சிங் வேலை செய்யாது. அப்புறம் மறுபடி நல்ல தண்ணியில அலசி விடணும், இல்லைன்னா நாய் பாதத்த நக்குறப்ப அந்தப் பிளீச்சிங் உள்ள போயிரும். இப்படி 14 ரூம், ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. ஒரு நாய்க்கு ஒரு நாளைக்கு 600 ரூபாய் வாங்கறோம், உங்க கட்டுரையப் பாத்துட்டு சொந்தக்காரங்க எல்லாம் மாசம் லட்சக்கணக்குல வருதாமேங்கறாங்க. தீபாவளி, பொங்கல், மே மாசம், முகூர்த்த நாளு, மலைக்கு மாலை போட்ட வீட்டுல இருந்து ஒரு மண்டலத்துக்கு விடுறவங்க, இதுங்கள விட்டா ஆடி மாசத்துல ரெண்டு நாயும் காத்தும்தான் இருக்கும்.

சாப்பாட்டுல சிரிப்பும் உண்டு. பொறந்ததுல இருந்து தயிர்சாதம் மட்டுமே சாப்பிட்ட ஒரு லேப்ரடார் நாய் வந்துச்சு, 45 கிலோ, ஆடி அசைஞ்சு நடக்கும். அவங்க வீட்டுல கண்டிப்பா அசைவம் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, நாங்களும் குடுக்கல. ஆனா பக்கத்து ரூம்ல கோழிக் கழுத்து வேக வச்சுப் போடுற நேரம் வந்தா இந்தப் பெரிய மனுசன் கம்பியில மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒரு பெருமூச்சு விடுவாரு, மாமியாளுக்குக் கண்ணு கலங்கிரும். அப்புறம் வீடியோ கால். நாயை விட்டுட்டுப் போனவங்க தினமும் சாயங்காலம் சிங்கப்பூர்ல இருந்து கூப்புட்டு "கண்ணா, அம்மா பாரு"ம்பாங்க, குரல் கேட்டதும் அது எந்திரிச்சு கேட் பக்கத்துல போயி நின்னுக்கும், அன்னிக்கு ராத்திரி சாப்பாடு அப்படியே கெடக்கும். போட்டோ எத்தனை வேணாலும் அனுப்பறோம், குரல் மட்டும் வேண்டாம்னு கெஞ்சுவோம், சில பேரு கோவிச்சுக்கறாங்க.

இதெல்லாம் போகட்டும், நான் சொல்ல வந்தது வேற. எங்களுக்கு நாயால தொந்தரவே இல்லீங்க, அதோட வீட்டுக்காரங்க சொல்லாம மறைக்கறதாலதான் எல்லாத் தொந்தரவும்.

ஒரு பொமரேனியன் வந்துச்சு, இத்துனூண்டு. "யாரையும் ஒண்ணும் பண்ணாதுங்க, குழந்தை மாதிரி"ன்னு சொல்லிட்டுக் கார் ஏறிட்டாங்க. மொத நாள் ராத்திரி சாப்பிட்ட தட்ட எடுக்கப் போனாரு எங்க வீட்டுக்காரரு, கட்டை விரலுக்குக் கீழ புடிச்சது விடவே இல்ல. குழாயத் தொறந்து விட்டு சோப்புப் போட்டுப் பதினஞ்சு நிமிசம் கழுவுனோம், நாங்க நாலு பேரும் வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே ஊசி போட்டு வச்சிருந்ததால அன்னிக்கு ஒண்ணு, மூணாம் நாள் ஒண்ணுன்னு ரெண்டோட முடிஞ்சுது, இல்லைன்னா கடிச்ச எடத்துலயும் ஊசி, அப்புறமும் ஊசி மேல ஊசி. போன் பண்ணிச் சொன்னா அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுங்களா, "ஆமாங்க, சாப்பாட்டுக்கிட்ட போனா மட்டும் லேசாப் புடிக்கும், எங்க மாமனாரையும் ரெண்டு தடவ புடிச்சிருக்கு." அந்த ஒரு வரிய விடும்போதே கேட் பக்கத்துல நின்னு சொல்லியிருந்தா நாங்க நாயை வெளிய விட்டுட்டுத் தட்ட எடுத்திருப்போம், கதை முடிஞ்சுது.

இன்னொண்ணு பீகிள். ராத்திரி 2 மணி இருக்கும், சில்வர் கிண்ணம் கடகடன்னு உருள்ற சத்தம். போயிப் பாத்தா தரையில கெடந்து நாலு காலும் இழுத்துட்டிருக்கு, வாயில நொரை, ஒண்ணுக்குப் போயிருச்சு. மாமியா சாவிக்கொத்த எடுத்துட்டு ஓடி வாராங்க, வலிப்புக்கு இரும்பு குடுக்கணும்னு. நல்லவேளை பையன் அவங்கள நிறுத்திட்டு லைட்ட அணைச்சு, கிண்ணத்தத் தள்ளி வச்சு, மொபைல்ல டைம் பாக்க ஆரம்பிச்சுட்டான். வாய்க்கிட்ட கைய கொண்டு போகக் கூடாது, அஞ்சு நிமிசத்தத் தாண்டுனா உடனே டாக்டர்கிட்ட தூக்கணும், அது அவனுக்குத் தெரியும். ரெண்டு நிமிசம் சொச்சத்துல நின்னுருச்சு, ஆனா எங்க மூணு பேருக்கும் அது ரெண்டு மணி நேரம். காலையில போன்ல கேட்டா, ஒரு வருசமா வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டோன் மாத்திரை போகுதாம். "சொன்னா நீங்க எடுத்துக்க மாட்டீங்கன்னு நெனச்சோம், நாலு நாளு தானேன்னு குடுத்து விடல." அந்த மாத்திரைய திடுதிப்புன்னு நிறுத்துறதுதான் வலிப்பையே இழுத்துட்டு வரும்னு எந்த டாக்டரும் சொல்லுவாரு. வலிப்பு இருக்கற நாயை நாங்க வேண்டாம்னு சொல்றதே இல்ல, இப்பக்கூட ஒண்ணு இருக்கு, காலையில ராத்திரியில வாழைப்பழத்துல வச்சுக் குடுத்தா முழுங்கிட்டுப் போயிருது.

எங்களை ஒரேயடியாப் படுக்க வச்சது ஒரு குட்டிதான். மூணரை மாசம், லேப். ஊசி கார்டு கொண்டு வந்தாங்க, மூணு தேதி எழுதியிருந்துச்சு, எல்லாம் ஒரே நீல மசி, ஒரே சாய்வு. ஊசி மருந்து பாட்டில்ல இருக்கற ஸ்டிக்கர் ஒண்ணுகூட ஒட்டல. டாக்டரு ஊசி போட்டா அந்தச் சின்ன ஸ்டிக்கரப் பிச்சு ஒட்டிக் கையெழுத்தும் சீலும் வப்பாரு, இது எனக்குத் தெரியும், தெரிஞ்சும் அந்தக் குழந்தைங்க அழுகுறதப் பாத்துட்டு வாங்கிட்டேன், அந்தத் தப்பு என்னோடதுதான். மறுநாள் சாயங்காலம் வாந்தி, அடுத்த நாள் ரத்தமாப் போச்சு. அந்த வாடை ஒரு தடவை மூக்குல ஏறுனவங்களுக்கு மறக்காதுங்க. பார்வோ, நாயோட குடலைத் தாக்குற வைரஸ் நோய். கிருமி உள்ள போயி மூணு நாள்ல இருந்து ஒரு வாரம் கழிச்சுத்தான் பொதுவா வெளிய காட்டும், அப்ப வரும்போதே கொண்டு வந்திருக்கு. ட்ரிப் ஏத்துனோம், மாமியா மடியில வச்சுட்டு உக்காந்திருந்தாங்க, நாலாம் நாள் வெடியக்காலம் போயிருச்சு.

அந்தக் குட்டியோட வீட்டுக்காரரு கேட்ட மொதக் கேள்வி, கட்டுன பணம் திரும்பி வருமான்னு. அழுது முடிச்சப்புறம்தான் சொன்னாரு, கார்டு குட்டியை வித்தவன் எழுதிக் குடுத்ததாம், ஊசி போட்டதை இவங்க யாரும் கண்ணால பாக்கலையாம். குட்டிக்கு ஆறு எட்டு வாரத்துல ஆரம்பிச்சு மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணுன்னு பதினாறு வாரம் வரைக்கும் போடணும், நடுவுல நின்னா பாதுகாப்பு இல்ல. நான் அன்னிக்கு இருந்த மத்த ஒம்போது நாய் வீட்டுக்கும் போன் போட்டு நடந்ததச் சொல்லிட்டேன். ரெண்டு பேரு கண்டபடி திட்டுனாங்க, ஒருத்தரு அன்னிக்கே வந்து தூக்கிட்டுப் போனாரு. மத்த நாய் எல்லாம் வருசா வருசம் ஊசி போட்டதுங்க, ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்குல கெடக்கும், அதனால ஓடுற மைதானத்துல ஒரு அடி மண்ண வெட்டி எடுத்துட்டு சிமெண்ட் போட்டோம், அந்தப் பொங்கல் சீசனுக்கு ஒரு நாயும் எடுக்கல. எவ்வளவு போச்சுன்னு கணக்குப் போட வேண்டாம்னு வீட்டுக்காரரு சொல்லிட்டாரு.

அடுத்தவங்கள மட்டும் கொறை சொல்லிட்டு நான் ஒதுங்கிக்கல. ஒரு தீபாவளிக்கு எங்ககிட்ட இருந்தே ஒரு நாய் ஓடிருச்சு, நம்ம நாட்டு நாய், தெருவுல இருந்து எடுத்து வளத்தது. வெடிக்க நேரம் காலையில 6 டு 7, சாயங்காலம் 7 டு 8ன்னு 2018ல இருந்து வச்சிருக்காங்க, யாருங்க கேக்கறா, மதியம் 3 மணிக்கே ஒரு ஆட்டம் பாம் போட்டான் ஒருத்தன், நான் கதவைத் தொறந்த நேரம், கால் சந்துல பூந்து போயிருச்சு. ராத்திரி முழுக்கத் தேடுனோம். அந்த நாயை வளக்கற பொண்ணுக்கு அன்னிக்கு ராத்திரி "நல்லா இருக்குதுங்க"ன்னு பழைய போட்டோ ஒண்ண அனுப்புனேன். மறுநாள் காலையிலதான் சொன்னேன். ரெண்டாம் நாள் ஒரு டீக்கடை பெஞ்சுக்கு அடியில கெடைச்சுது, பாதம் எல்லாம் தேஞ்சு போயிருந்துச்சு. நாய் கெடச்சதுக்கப்புறமும் அந்தப் பொண்ணு என்கிட்ட பேசல, "ஓடுனது தப்பில்லக்கா, போட்டோ அனுப்புனீங்க பாருங்க"ன்னு மட்டும் சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போச்சு. அதுக்கப்புறம் ரெட்டைக் கேட் போட்டோம், ஒண்ணு பூட்டாம இன்னொண்ணத் தொறக்க முடியாது. அந்தப் பொண்ணு மறுபடி வரவே இல்ல.

விட்டுட்டுப் போயி வராம இருக்கறவங்க கதை தனி. ஒரு வயசான ஜெர்மன் ஷெப்பர்ட், பின்னங்கால் ரெண்டும் இழுக்கும், பத்து நாளுக்குன்னு விட்டாங்க, பத்தாம் நாள் போன் சுவிட்ச் ஆஃப், எழுதிக் குடுத்த விலாசத்துல வேற யாரோ குடியிருக்காங்க. இப்படி விட்டுட்டுப் போறதும் 1960ஆம் வருசத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல வருமாம், வக்கீலா இருக்கற சொந்தக்காரரு எடுத்துக் காட்டுனாரு, மொதத் தடவைக்கு அபராதம் 10 ரூபாய்ல இருந்து 50 ரூபாய் வரைக்கும். நாங்க வாங்குற ஒரு நாள் காசுல பத்துல ஒரு பங்குகூட இல்ல! அந்த நாய் இப்ப எங்ககூடத்தான் இருக்கு, மாமியா பழைய போர்வைய மடிச்சுப் போட்டு வச்சிருக்காங்க, வீட்டுக்காரரு ரெண்டு வேளையும் இடுப்புல துண்டக் கட்டித் தூக்கி நடக்க வப்பாரு. முடியலைங்க, வச்சுக்க முடியுமான்னு அந்த ஆளு நேர்ல கேட்டிருந்தாலும் நாங்க இதைத்தான் செஞ்சிருப்போம், போலீஸ் ஸ்டேசனுக்கு ரெண்டு நடை மிச்சம்.

எதுக்கு மறைக்கறாங்கன்னு எனக்குப் புரியாம இல்ல. சொன்னா எடுக்க மாட்டாங்க, டிக்கெட் போட்டாச்சு, கல்யாணத்துக்குப் போயே ஆகணும். ரயில்ல கூட்டிட்டுப் போகணும்னா ஃபர்ஸ்ட் ஏசியில தனி கூப்பே, அதாவது கதவு போட்ட தனி ரூம், கெடைக்கணும், இல்லைன்னா ரயில் கார்டு இருக்கற பெட்டியில நாய்க்கூண்டுல போட்டு அனுப்பணும், எத்தனை பேரால முடியும். அதனாலதான் இப்ப நாங்களே கேக்கறோம், கேட் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்கார வச்சு. கடிச்சிருக்கா, யாரை, எப்ப. வலிப்பு உண்டா. இப்ப என்ன மாத்திரை போகுது. போன மாசம் உண்ணிக் காய்ச்சல் வந்துச்சா. இடி இடிச்சா என்ன பண்ணும். ஆம்பளையக் கண்டா பயப்படுமா. கடிக்கும்னு சொன்னவங்களுக்கு நான் ஒரு டீ போட்டுக் குடுக்கறேன், நெசமாத்தான். பெரிய லீவுக்கு முன்னாடி ஒரு ராத்திரி மட்டும் விட்டுப் பாக்கச் சொல்றோம், அதுக்குப் பாதி காசுதான்.

இந்தப் பொங்கலுக்கு இடம் கேட்டு இப்பவே போன் வர ஆரம்பிச்சிருச்சு, உங்க கட்டுரையப் படிச்சுட்டு நீச்சல் குளம் இருக்குதுங்களான்னு மூணு பேரு கேட்டுட்டாங்க. எங்ககிட்ட இருக்கறது கெணத்துப் பம்புசெட்டுத் தொட்டிதான், லேப்புங்க அதுலயே குதிக்கும். எங்கள மாதிரி எடத்துக்கு வர்றவங்க ஊசி கார்டு ஒரிஜினல் கொண்டு வாங்க, ஜெராக்ஸும் வேண்டாம், வாட்ஸப் போட்டோவும் வேண்டாம், ஸ்டிக்கர நான் கையால தடவிப் பாக்கணும்.

இப்படிக்கு,
உங்க பேப்பரு வாசகி ஒருத்தி,
தொண்டாமுத்தூர் பக்கம், கோவை