மீசை திருத்திய தம்பிக்கும் சுங்கை சிப்புட் மக்களுக்கும்

அன்பான ஊர் மக்களே,

நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டேன். வலது கை இன்னும் என் பேச்சைக் கேட்கவில்லை. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். எனக்குப் பக்கவாதம் வந்தது உங்களுக்கே தெரியும்.

முடிதிருத்தும் தம்பிக்குத்தான் முதல் நன்றி. பெயர் போட வேண்டாம் என்றுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் 11 நாள், யாரையும் உள்ளே விடாதே என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். வாய் ஒரு பக்கம் கோணிப்போய், தாடி மண்டிக் கிடந்தேன். 30 வருடம் தொலைக்காட்சியில் நடித்து இந்த முகத்தை ஊருக்குக் காட்டியவன். அதை அந்தக் கோலத்தில் யாரும் பார்க்க மனசு ஒப்பவில்லை.

12-ஆம் நாள் தம்பி கடையைச் சாத்திவிட்டுப் பெட்டியோடு வந்து நின்றார். தாதியிடம் கேட்டுக்கொண்டு, வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து முகத்தில் ஒற்றினார். கோணின கன்னத்தை இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கத்தியை மெல்ல இறக்கினார். மீசைக்கு வந்ததும் எப்படி வேண்டும் என்று கேட்கவே இல்லை. நுனி கீழே இறங்கிய மீசை. நான் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக நடித்தபோது வைத்திருந்தது.

“தோட்டத்து மண்டபத்துல தரையில உட்கார்ந்து பார்த்தேன் ஐயா, கறுப்பு வெள்ளைப் பெட்டியில. இந்த மீசையைப் பார்த்தா எங்களுக்கெல்லாம் பயம்” என்றார்.

1963 டிசம்பர் 28-இல் நம் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியபோது நான் ரப்பர்த் தோட்டத்தில் பட்டை சீவி, பால் மரம் வெட்டப் பழகிக்கொண்டிருந்த பையன். பிறகு நடிக்கப் போன காலத்திலும் வெட்டு வேலையை விடவில்லை. காலையில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, பால் ஊற்றிவிட்டுப் பஸ் பிடித்துக் கோலாலம்பூரில் அங்காசாபுரி தொலைக்காட்சி நிலையம். பல தடவை இரண்டே வசனம்தான். ஊர் திரும்பும்போது சேவல் கூவும், அப்படியே மறுபடி பெரட்டுக்கு நிற்பேன். 1978-இல் கலர் வந்தது. எங்கள் மண்டபத்தில் அதற்கப்புறமும் பழைய பெட்டிதான். அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை என் மீசையை இத்தனை வருடம் மனசில் வைத்திருந்திருக்கிறது.

அன்றைக்கே மனைவியிடம், வருகிறவர்களை உள்ளே விடச் சொன்னேன்.

ராத்திரியில் வண்டி எடுத்துவந்த பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம், செலவுக்குப் பணம் திரட்டிய கோயில் நிர்வாகத்தார், கஞ்சி கொண்டுவந்த தோட்டத்து லயத்து வீட்டு அக்காமார், தாதிகள், ஈப்போவிலிருந்து வந்த பழைய நடிப்புத் தோழர்கள், எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

தம்பி, தீபாவளிக்குள் கைத்தடி ஊன்றியாவது நடந்து உன் கடைக்கு வருவேன். அன்றைக்காவது காசு வாங்கிக்கொள்ள வேண்டும்.