கூரைகளையும் பதிவு செய்வோம்

ஆசிரியருக்கு,

பழைய நகரங்களின் கூரைகளைப் படமெடுப்போர் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். கட்டுரை அதை ஓர் அழகிய பொழுதுபோக்காக மட்டுமே பார்த்திருந்தது. அது ஆவணப் பணியும்கூட என்பது என் கருத்து. பழைய கட்டடத்தில் பெரும்பாலும் முதலில் மாறுவது கூரைதான். மழைநீர் கசிந்தால் ஓடுகளைப் பிரித்துவிட்டுத் தகரம் வேய்ந்துவிடுகிறோம். தெருவில் நடப்பவர் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை. 1851-லேயே பிரான்ஸ் அரசு ஐந்து ஒளிப்படக் கலைஞர்களை நாடெங்கும் அனுப்பித் தன் தொன்மையான கட்டடங்களைப் பதிவு செய்தது. 2019 ஏப்ரலில் பாரிஸின் நோத்ருதாம் பேராலயக் கூரை எரிந்து விழுந்தபோது, முன்பே எடுத்து வைத்திருந்த அளவுகளும் படங்களும் மறுகட்டுமானத்துக்குப் பெரிதும் கைகொடுத்தன.

பல ஆண்டுகளாகப் பழைய கட்டடங்களைப் படமெடுத்து வருகிறேன். ஒருமுறை உச்சி வெயிலில் எடுத்த ஓட்டுக்கூரை வெறும் செந்நிறப் பரப்பாகவே பதிந்தது. மறுநாள் காலைச் சாய்வெயிலில் அதே இடத்திலிருந்து எடுத்தேன். முகட்டு ஓட்டின் ஓரத்தில் பூசிய சுண்ணாம்பில் கொத்தனாரின் விரல் தடம்கூடத் தெரிந்தது. சில மாதங்களில் அந்தக் கூரை பிரிக்கப்பட்டது. இன்று அந்தத் தடத்துக்கு அப்படம் ஒன்றே சாட்சி. எனவே, மரபுக் கட்டடங்களின் கூரையைப் பழுதுபார்க்க அனுமதி வழங்கும்போது, பிரிப்பதற்கு முன் முகடு, இறவாரம், உத்திரம் ஆகியவற்றைத் தேதியுடன் படமெடுத்து ஒப்படைக்க வேண்டும் என்று உள்ளாட்சி அமைப்புகள் விதிக்கலாம். அப்படங்களை எவரும் பார்க்கும்படி பொது நூலகங்களில் வைக்கலாம்.