ஏறிய கோடும் இறங்கிய கோடும்

அன்புள்ள நண்பா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாததற்குச் சாக்கு எதுவும் இல்லை, திட்டித் தீர்த்துக்கொள். என் முழங்காலைத் தவிர வீட்டில் அனைவரும் நலம்.

பழைய பெட்டியைக் குடைந்தபோது நம் முதுநிலைக் காலத்து டிரம் தாள்கள் கிடைத்தன, சுழலும் டிரம்மில் சுற்றி இரத்த அழுத்தக் கோடு பதிப்போமே, அவை. கரியேற்றி வார்னிஷ் பூசியவை. ஓரத்தில் உன் கட்டைவிரல் ரேகைகூட அப்படியே இருக்கிறது. ஒரே அளவு செரடோனினுக்கு உன் நாயின் இரத்த அழுத்தம் இறங்கியது, என்னுடையதில் ஏறியது. மருந்தை மாற்றிப் போட்டவன் நான்தான் என்று அன்று முழு வகுப்பும் தீர்ப்பெழுதியது நினைவிருக்கிறதா? இப்போது பார்த்தால், என் கோட்டுக்குச் சற்று முன்பு, என் கையெழுத்திலேயே "ஹெக்ஸா" என்று பென்சிலில் குறித்திருக்கிறேன்! நாளங்களுக்குப் போகும் நரம்புச் செய்திகள் மாறிச் செல்லும் இடங்களான நரம்புக்கணுக்களை அடைக்க ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்து ஏற்றிய நாய்க்கே செரடோனினையும் ஏற்றியிருக்கிறேன்.

ஆக, மருந்து மாறவில்லை, இரத்த நாளத்தின் நிலைதான் மாறியிருந்தது. இரத்த நீரிலிருந்து நாளத்தை இறுக்கும் பொருளைப் பிரித்து, 1948-இல் அதற்குச் செரடோனின் என்று பெயரிட்ட கிளீவ்லாந்து குழுவில் இருந்த இர்வின் பேஜே, 1953-இல் மக்கபினுடன் சேர்ந்து இந்த இருமுகத்தை எழுதியிருக்கிறார். நாளங்களை இறுக்கும் பரிவு நரம்புகள் (sympathetic) நாளத்தை ஏற்கெனவே இறுக்கிப் பிடித்திருந்தால், செரடோனின் நரம்பு முனையில் இறுக்கும் பொருளான நாரட்ரினலின் வெளிப்படுவதைக் குறைத்தும், உட்சுவரின் வழியாக, தளர்த்தும் பொருளான நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கச் செய்தும் அதைத் தளர்த்துகிறது. ஹெக்ஸாமெத்தோனியத்தால் அந்தப் பிடி விலகி நாளம் தளர்ந்து கிடந்தால், நாளத்தின் தசை மீதுள்ள 2ஏ என்ற செரடோனின் ஏற்பிகளின் நேரடி இறுக்கமே மேலோங்குகிறது. நைட்ரிக் ஆக்சைடும் 2ஏ ஏற்பியும் பின்னால் வந்த கதைகள். ஆனால் ஏற்ற இறக்கத்தின் சூட்சுமத்தைப் பேஜ் அன்றே பிடித்துவிட்டார், நாம்தான் படிக்கவில்லை.

விளையாட்டு இருக்கட்டும். ஒற்றைத் தலைவலிக்குப் பழைய சுமாட்ரிப்டான் அட்டையிலிருந்தே மாத்திரை போட்டுக்கொள்வதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்தது முதல் எனக்கு நிம்மதியில்லை. அதுவும் செரடோனின் ஏற்பிகளைத் தூண்டும் மருந்துதான்; மூளையுறை நாளங்களை இறுக்குவது போலவே இதய நாளங்களையும் ஓரளவு இறுக்கும். அதனால்தான் இதய நாள நோய் உள்ளவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை. சென்ற ஆண்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்ட உனக்கு அது ஆகாது என்று மருந்தியல் படித்த உனக்கே நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, நாளையே உன் இதய மருத்துவரிடம் மாற்று மருந்து கேள்.

உன் தாளைத் தனியே அனுப்புகிறேன். பென்சில் குறிப்புள்ள என் தாள் என்னிடமே இருக்கும். நீ நேரில் வந்து பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

உன் பழைய மேசைத் தோழன்