எங்கள் தோட்டத்துப் பெரிய துரைக்கு: குப்பை மேடு பற்றி நான்காவது தடவை

மதிப்புக்குரிய ஐயா,

போன செவ்வாய் இரவு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவின் நாயைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது. விடிந்து பார்த்தால் முன்வாசல் இஸ்தோப்புத் தூணில் சங்கிலி மட்டும் தொங்குகிறது; நுனியில் கழுத்துப்பட்டி, அதில் கொஞ்சம் மயிர். அந்த இஸ்தோப்பில்தான் பிள்ளைகள் பொழுதுபட்டதும் பாடம் படிக்கிறார்கள். இந்த வருஷம் இது ஐந்தாவது நாய்.

மூன்று மனுக் கொடுத்தோம். லயத்துக்குப் பின்னால் இருக்கும் குப்பை மேட்டை அகற்றித் தாருங்கள் என்றோம். “காட்டு மிருகத்துக்கு நாங்கள் என்ன செய்ய?” என்று பதில் வந்தது.

காட்டு மிருகம்தான். மேல் காட்டில் மரை, நாய் போலக் குரைக்கும் சின்ன மானான கேளையாடு, காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, முயல் எல்லாமே அதற்கு இரை. ஆனாலும் சேர்ந்தே இருந்துவந்தன. ஒன்று புதரில் பதுங்கும், ஒன்று வளைக்குள் கிடக்கும். ஒன்று அரிதாகிப்போனால் சிறுத்தை இன்னொன்றைத் தேடிப் போகும், குறைந்தது தப்பித்துக்கொள்ளும். இப்போது நடுவில் நாய் வந்திருக்கிறது. நாயும் கேளையாடும் ஒரே தீனிக்கு அடித்துக்கொள்வதில்லை. ஆனால் இரண்டையும் தின்பது ஒன்றே என்றால், ஒன்று பெருகப் பெருக மற்றது அழியலாம். ராபர்ட் ஹோல்ட் என்ற அறிஞர் 1977இலேயே கணக்குப் போட்டுக் காட்டியது இது. நாய் ஒரே ஈற்றில் ஐந்தாறு குட்டி போடும். கேளையாடு பெரும்பாலும் ஒன்றுதான். குப்பை நாயை வளர்க்கிறது, நாய் சிறுத்தையை இங்கேயே நிறுத்திவைக்கிறது, அது போகிற வழியில் மிச்சமிருக்கும் கேளையாட்டையும் பிடிக்கிறது. முன்பெல்லாம் பின்னேரத்தில் காட்டோரம் கேளையாடு குரைக்கும். இப்போது குரைப்பது நாய் மட்டும்தான்.

அந்தக் குப்பை யாருடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பங்களா விருந்தின் எலும்பு திங்கள் காலையில் எங்கள் பின்வாசலுக்கு வந்துவிடும். சம்பள உயர்வுதான் வருஷக்கணக்கில் வருகிறது, எலும்பு மறுநாளே வந்துவிடுகிறது. 2020இல் நம் மலையகத்து நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டிச் செத்தபோது நாடே துக்கப்பட்டது. இங்கேயும் பயத்தில் யாராவது கம்பிச் சுருக்கு வைத்தால் அன்றைக்காவது ஜீப் வரும் போலிருக்கிறது.

மன்னிக்க வேண்டும், ஐயா, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்பது ஒன்றுதான். தயவுசெய்து அந்தக் குப்பை மேட்டை லயத்தை விட்டுத் தூரமாக்கி, குழி வெட்டி மூடுங்கள். அப்புறம், முடிந்தால் லயத்து நாய்களுக்குக் கருத்தடை செய்ய ஒரு மிருக வைத்தியரை அனுப்புங்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் பெண்கள் விடியுமுன் அந்த மேட்டைத் தாண்டித்தான் நடக்கிறார்கள்.

இப்படிக்கு,
கீழ் டிவிஷன் லயத்திலிருந்து ஒருவன்